ஒத்திகைக் குழி

பறவைக் காய்ச்சல் இன்னும் வந்திருக்கவில்லை; ஆனால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, இன்றில்லாவிட்டால் நாளை என்று நாடே வரிந்து கட்டிக்கொண்டு நின்ற வருஷம் அது. கேரள எல்லையில் வாத்து ஏற்றி வந்த வண்டிகளை வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள், ஏரிகளில் இறங்கிய தூரதேசத்துப் பறவைகளைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார்கள், டெல்லியில் கூட்டம் போட்டு முடிவெடுத்ததைச் சென்னையில் கூட்டம் போட்டு வாசித்தார்கள், சென்னையில் வாசித்ததை நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. பண்ணைக்குப் பண்ணை வாசலில் ஊதா மருந்துத் தண்ணீருக்குத் தொட்டி கட்ட வேண்டும், அதில் காலை நனைக்காமல் தாலி கட்டிய புருஷன்கூட உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு வந்ததில், ஆவாரங்காட்டுப்புதூரில் பண்ணை வைத்திருந்த குடும்பத்து ஆண் பெண் அத்தனை பேருடைய பாதமும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிப்போய், வெளியூர்க் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் சப்பணமிட்ட காலைப் பார்த்தே "புதூர் ஒறம்பரைங்களா, வாங்க" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அந்த ஊதாவிலும் எடுப்பான ஊதா, மருதாணி வைத்ததைப் போல விளிம்பு கட்டி, வசந்தாமணியின் காலில்தான் ஏறியிருந்தது என்பது தெய்வாத்தாளின் அந்த வருஷத்து முதல் மனக்குறை.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். மூத்தவன் சென்னியப்பனுக்குத் தெய்வாத்தாள், பாதி நாள் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்த இளையவனுக்கு வசந்தாமணி. பூமியைப் பாகம் பிரித்து நடுவில் கம்பிவேலி இழுத்து, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை, அந்தப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை என்று ஆன பிறகு, இந்தப் பக்கம் போர் போட்டால் புகையாக வந்தது, அந்தப் பக்கம் போட்டால் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டுத் தெய்வாத்தாள் காயப்போட்டிருந்த சேலைகளை நனைத்தது. இந்தப் பக்கம் நட்ட முருங்கை கம்பளிப்பூச்சிக்குப் போனது, அந்தப் பக்கம் எவனோ ஒடித்துப் போட்ட முருங்கைக் கிளை தானாக வேர்விட்டுக் காய்த்தது. வசந்தாமணி எதையும் கேட்டு வாங்கியவள் அல்ல, யாரிடமும் பறித்தவளும் அல்ல. அதது தன் காலால் நடந்து அவள் வீட்டுப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனது, அவ்வளவுதான். பறித்திருந்தால் தெய்வாத்தாள் மன்னித்திருப்பாள். மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லாததுதான் அவளுக்கு நெஞ்செரிச்சலாக இருந்தது. அவள் சாமியிடம் கேட்டது பெரிதாக எதுவுமில்லை: ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒன்று, வேலிக்கு இந்தப் பக்கம் முதலில் வர வேண்டும், அதைப் பார்த்து வசந்தாமணி அந்தப் பக்கம் நின்று எச்சில் விழுங்க வேண்டும்.

அப்போதுதான் ஒத்திகை என்று ஒரு பேச்சு வந்தது. நோய் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, ஒரு பண்ணையைத் தேர்ந்தெடுத்து, வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் வந்து, கோழியைக் கொல்வது போலக் கொன்று, புதைப்பது போலப் புதைத்து, கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு தூவுவதுவரை செய்து பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இடம் பார்க்க வந்தவர் கால்நடை மருத்துவர் மும்தாஜ், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண், சிரித்த முகம். அவர் வருவதற்கு முன்பே தெய்வாத்தாள் தென்னைகளுக்கு இடுப்பளவு வெள்ளையடித்து, அதிகாரிகள் மாற்றிப் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்புகளை வரிசையாக அடுக்கி, மருந்துத் தொட்டியில் துணுக்குத் தூசிகூட இல்லாமல் வடிகட்டி வைத்திருந்தாள். மருத்துவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே நடத்திவிடலாம் என்றார்.

"ஏனுங் டாக்டரம்மா, எங்க பண்ணைக்கு என்னங்க கொறச்சல்?"

"ஒரு குறையும் இல்லம்மா. குழி தோண்ட பொக்லைன் வரணும். உங்க கேட்டு சின்னது."

"கேட்டப் பேத்துப் போடறனுங்க."

மும்தாஜ் சிரித்தார். "நோய் வந்த பண்ணையா நடிக்கறதுக்கும்மா இது. உங்க பண்ணை நல்ல பண்ணையாவே இருந்துட்டுப் போகட்டுமே."

"நடிக்கறதுதானுங்களே, எங்களுக்கு வராதுங்களா?"

வீட்டுக்கு வந்து அடுப்படியில் பாத்திரங்களை உருட்டியவளைப் பார்த்துச் சென்னியப்பன், "எழவு உழுந்த ஊடாட்டம் நடிக்கறதுக்காடி போட்டி போடறே?" என்றான்.

"எழவுன்னாலும் அது அவளுக்குத்தான் மொதல்ல வரோணுமாக்கும்?" என்றாள் தெய்வாத்தாள்.

ஒத்திகை நன்றாகவே நடந்தது. நிஜக் கோழிகள் கூண்டில் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்க்க, உமி அடைத்த சாக்குமூட்டைகளைச் செத்த கோழிகளாகப் பாவித்துத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப்போய், பொக்லைன் தோண்டிய குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மண் மூடினார்கள். வீடியோ எடுத்தவர் வசந்தாமணியிடம், "பண்ணைக்காரம்மா கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்" என்றார்.

"சும்மா அழுவுன்னா எப்படீங்க வரும்? எங்களுக்குப் பாடித்தானுங்க அழுவ வரும்" என்று சொல்லிவிட்டு, வசந்தாமணி குழிமேட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் ஒருதரம் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தாள்:

கொண்டப்பூ வாடலியே, கூவுமுன்னே போனீங்களே,
தீவனம் வெச்ச கையி தெச தெரியாமத் தவிக்குதே,
கூண்டெல்லாங் காத்தாடுதே, குடிச்ச தண்ணி காயலியே.

பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்தார். வெள்ளை உடுப்புக்காரர்கள் கண்ணாடிக்குள் கண் துடைக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டாவது அடியில் குரல் இன்னும் இறங்கியிருக்க வேண்டும், நானாக இருந்தால் இறக்கியிருப்பேன் என்று வேலிக்கு இந்தப் பக்கம் தெய்வாத்தாள் உதட்டைக் கடித்தாள்; ஆனால் அவள் கன்னமும் நனைந்துதான் இருந்தது, அதை அவள் வசந்தாமணியின் கணக்கில்தான் குற்றமாகச் சேர்த்தாள்.

மறுநாள் காலையில் வசந்தாமணி ஒரு சொம்புப் பாலோடு குழிமேட்டுக்குப் போனாள். வேலியோரம் நின்ற தெய்வாத்தாள், "எவன் செத்தான்னு பாலு தெளிக்கப் போறே?" என்று கேட்டதற்கு, "பாடி அழுதுபோட்டுப் பாலு தெளிக்காம உட்டாக் குத்தமுங்கக்கா. உள்ள இருக்கறது உமின்னா என்ன, அழுதது நெசந்தானுங்களே" என்றாள். தெளித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, கோழிக்குத் தீவனம் போட வந்துவிட்டாள். வெயில் ஏறும்போது குழி, முட்டையிட்ட பெட்டைக்கோழி தன் சமர்த்தை ஊருக்குச் சொல்வதைப் போல, "கொக் கொக் கொக் கொகேக்" என்றது. மண் வாய் பிளந்து, மழைக்கு மறுநாள் காளான் தலை நீட்டுகிற மாதிரி, வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை மேலே வந்தது. தொட்டால் சூடாக இருந்தது. அதை எடுத்தபோது பக்கத்தில் இன்னொன்று வந்தது. வசந்தாமணி உள்ளே போய் முட்டை அடுக்கும் அட்டைகளை எடுத்து வந்தாள்.

முட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர் காளிங்கன் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மண்ணக் கழுவித் தந்துருங்கம்மிணி, கொள்முதல்ல கேள்வி வரும்" என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மருத்துவர் மும்தாஜ் சில முட்டைகளை எடுத்து வடக்கே சோதனைச்சாலைக்கு அனுப்பினார். கோழியே இல்லாதபடியால் கோழிக்கு வரும் நோய் எதுவும் இதில் இல்லை, நாட்டிலேயே மிகவும் பத்திரமான முட்டை இதுவாகத்தான் இருக்கும் என்று பதில் வந்தது. அதன் பிறகு, மண்ணில் விளைகிற காரணத்தால் இது வேளாண்துறையைச் சேர்ந்தது என்று கால்நடைத்துறையும், முட்டை என்கிற காரணத்தால் கால்நடைத்துறையைச் சேர்ந்தது என்று வேளாண்துறையும் மிகுந்த மரியாதையோடு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்து, இது நஞ்சையா புஞ்சையா என்று மட்டும் கேட்டுவிட்டு, மானாவாரி என்று தானாகவே முடிவு செய்துகொண்டு போனார்.

ஊருக்கு இருந்த ஒரே சந்தேகம் புரட்டாசி மாதத்தில் வந்தது. கவுச்சி விலக்கும் மாதத்தில் இந்த முட்டையைச் சாப்பிடலாமா கூடாதா என்று பெருமாள் கோயில் தர்மகர்த்தா நாச்சிமுத்துவிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒன்றை அவித்துவரச் சொல்லி, பாதியாக அரிந்து, முகர்ந்து, முதல் மழைக்கு மண் கிளப்பும் வாசம் அதில் இருப்பதைக் கண்டு, கண்ணை மூடி யோசித்து, "மண்ணுக்கடியில வெளையறது பூராங் கெழங்குச் சாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அரிந்த இரண்டு பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து சனிக்கிழமை விரதக்காரர்கள் வாழையிலையில் சேப்பங்கிழங்கு வறுவலுக்குப் பக்கத்தில் அதையும் வைத்துப் படைத்தார்கள். உச்சி வெயிலில் குழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டுக் காட்டில் களை வெட்டுகிறவர்கள் சோற்றுக்குக் கரையேறினார்கள். நடுவில் ஒருமுறை குழி அடைக்குப் படுத்தது. முட்டை நின்று, கிட்டே போனால் "கர்ர்" என்று உறுமியது. அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கித் தெளிய வைப்பது தெரியாத ஊரா? நாலு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்க் குழியின் தலையில் ஊற்றினார்கள், தெளிந்துவிட்டது. இப்படி ஊர் அதைப் பழகிக்கொண்டது. பக்கத்தூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளந்தபோது, "ஏன், உங்கூர்ல இல்லீங்களா?" என்று புதூர்க்காரர்கள் உண்மையாகவே கேட்டார்கள்.

பழகாதது ஓர் உயிர்தான். தினமும் காலையில் வேலிக்கு மேலே ஓர் அட்டை முட்டை வரும். "அக்கா, இந்தாங்க, மாமாவுக்கு அவிச்சுக் குடுங்க." வாங்காவிட்டால் ஊர் பேசும் என்று தெய்வாத்தாள் வாங்கினாள். அவள் வாயில் அது வேப்பங்கொட்டையாகக் கசந்தது. நாய்க்குப் போட்டாள், நாய் பளபளவென்று மினுக்கிக்கொண்டு, வேலியைத் தாண்டிப் போய் வசந்தாமணி வாசலில் படுத்துக்கொண்டது. சென்னியப்பன் அவித்தும் பொரித்தும் குழம்பில் உடைத்து ஊற்றியும் தின்றுவிட்டு, "அம்மிணி கைராசி" என்றான்.

"ஆமா, அவ கைராசி. எங்கையில என்ன சொறியா?"

"நாயத்தச் சொன்னா ஏன்டி கோவிக்கறே? உமியப் பொதச்சு முட்டை எடுக்கறது எல்லார்த்துக்கும் ஆவுமா?"

எல்லாருக்கும் ஆகுமா என்ற வார்த்தை அவளை உட்கார விடவில்லை. நேரே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய், தன் பண்ணையிலும் ஓர் ஒத்திகை நடத்தச் சொல்லிக் கேட்டாள். மும்தாஜ் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "ஒத்திகை ஒரு வாட்டிதாம்மா. இனிமே வந்தா நிஜமாத்தான் வரும்" என்றார். சரி என்று திரும்பி வந்து, கேட்டைப் பேர்த்துப் போட்டு, சொந்தச் செலவில் பொக்லைன் வரவழைத்து, சாக்கில் உமியடைத்துப் புதைத்து, மேட்டில் குத்தவைத்து உட்கார்ந்தாள். முந்தானையை ஒற்றிக்கொண்டு வாயைத் திறந்தால், கோழியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை:

அக்கட்டால வெளையுதே, இக்கட்டால காயுதே,
அவ மண்ணு பொன்னாச்சே, எம்மண்ணு புண்ணாச்சே.

வேலியோரம் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த காளிங்கன், "பறவைக் காய்ச்சலுக்குத் தொட்டி கட்டுனாங்க, இந்தப் பங்காளிக் காய்ச்சலுக்கு எங்கீங்க தொட்டி கட்டறது?" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி ஊருக்கே கேட்கச் சொன்னார். மறுநாள் அவள் தெளித்த பாலுக்கு எறும்புகள் வந்தன. வேறெதுவும் வரவில்லை.

இனிமேல் வந்தால் நிஜமாகத்தான் வரும் என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் வேறு மாதிரி முளைவிட்டது. நிஜமாக வந்தால் அரசாங்கமே வந்து குழி தோண்டும். அரசாங்கம் தோண்டின குழிதானே அந்தப் பக்கம் காய்க்கிறது? நிஜமாக வந்தால் குழிக்குள் போவது உமியல்ல, தான் தீவனம் போட்டு வளர்த்த கோழிகள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே, அது கொடுக்கத்தக்க விலைதான் என்று நினைத்தாள். பொறாமை எப்போதும் தன் மடியில் இருப்பதை வைத்துத்தான் அடுத்தவள் மடியை எடை போடும். ஆட்டோக்காரர் மைக்கில் கத்திக் கத்தி ஊருக்கே மனப்பாடமாகியிருந்த எண்ணுக்குப் போன் செய்து, பெயரைச் சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, "புதூர்ல சென்னியப்பன் பண்ணையில கோழிக தலை சாயுதுங்க, கொண்டை நீலம் பூக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஒத்திகைக்கு வந்ததைவிட வேகமாக வந்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, வீடியோ இல்லை, அழச் சொல்ல ஆளில்லை. மருத்துவர் மும்தாஜின் முகமே வெள்ளை உடுப்புக்குள் தெரியவில்லை. ஊரைச் சுற்றி வட்டம் போட்டு, சாலையில் தடுப்பு வைத்து, சோதனை முடிவு வரும்வரை ஒரு முட்டை, ஓர் இறகு வெளியே போகக் கூடாது என்றார்கள். நோய் என்று வந்துவிட்டால் வட்டத்துக்குள் இருக்கும் அத்தனை கோழியும், தெய்வாத்தாள் கோழி, வசந்தாமணி கோழி, வீட்டுக்கு வீடு கூடையில் கவிழ்த்து வைக்கிற சேவல் பெட்டை உட்பட அத்தனையும் குழிக்குள் போகும் என்றார்கள். சிவப்பு நாடாவை முதலில் தெய்வாத்தாள் பண்ணை வாசலில்தான் கட்டினார்கள். பயத்துக்கு நடுவிலேயும் அவளுக்குள், முதலில் எனக்கு, முதலில் எனக்கு என்று ஒரு குரல் குதித்தது.

ஆனால் கூண்டுகளுக்கு நடுவே நடந்தபோது கோழிகள் எப்போதும் போல ஒரே நேரத்தில் கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தன. தலை சாய்கிறது என்று சொன்னது இதைத்தானோ என்று நினைத்ததும் அவள் தீவனச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாளைக்கு ஒரு சொல் வரும், இந்தக் கழுத்துகள் இருக்காது. போன் செய்தது யாரென்று தெரிந்தால் ஊரில் யாரும் அவளை நம்பி ஒரு கூடைக் கோழியைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். வசந்தாமணி வேலியருகே வந்து நின்றாள். அவள் பக்கத்தில் முட்டைகள் அட்டை அட்டையாக, போக வழியில்லாமல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"அக்கா, கோழிக நல்லாத்தான இருக்குது?"

"உனக்கென்ன தெரியும் எங்கோழியப் பத்தி?"

வசந்தாமணி கோழிகளைப் பார்த்தாள். பிறகு தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது தெய்வாத்தாளுக்குப் புரிந்தது. வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற மனசையும் அவளுக்கேதான் கொடுத்துத் தொலைத்திருந்தது சாமி.

நோய் இல்லை என்று முடிவு வந்தது. தடுப்பை எடுத்தார்கள். ஊர் மூச்சு விட்டது, விட்ட மூச்சிலேயே அழுகின முட்டை நாற்றத்தை முகர்ந்தது, முகர்ந்ததும் கொதித்தது. போன் செய்த கெரகம் எது என்று கோயில் திடலில் கூட்டம் கூடியது. கண்டுபிடித்தால் ஊரைவிட்டே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நாச்சிமுத்து துண்டை உதறிப் போட்டுச் சொன்னபோது, பெண்கள் பக்கமிருந்து வசந்தாமணி எழுந்தாள்.

"நாந்தானுங்க போன் பண்ணுனேன். வேலியோரத்துல ரெண்டு கோழி சோந்தாப்பல தெரிஞ்சுது, பயந்துட்டனுங்க."

கொதித்த ஊர் தட்டைப் போட்டு மூடின மாதிரி அடங்கியது. அதுவாவது பரவாயில்லை, நடந்ததைக் கேள்விப்பட்ட மருத்துவர் மும்தாஜ் ஓடோடி வந்தார். நாடு எதிர்பார்ப்பது இப்படிப்பட்ட பண்ணையாளரைத்தான், பத்துப் பொய்த் தகவல் வந்தாலும் பரவாயில்லை, ஒரு நிஜத் தகவல் வராமல் போய்விடக் கூடாது என்றார். அந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, மேலதிகாரிகளை அழைத்து, விழிப்பான பண்ணையாளர் வசந்தாமணிக்குப் பொன்னாடை என்று மைக்கில் அறிவித்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் அந்த ஜரிகைக்கரைப் பொன்னாடை விரிவதைப் பார்த்தாள். அது காற்றில் ஒரு நொடி நின்று, பிறகு வசந்தாமணியின் தோளில், அந்தத் தோளுக்கென்றே நெய்ததைப் போல, இறங்கியது. ஊர் கைதட்டியது. சென்னியப்பனும் கைதட்டினான்.

"அது என்னுது!"

கைதட்டல் நின்றது. தெய்வாத்தாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"போன் பண்ணுனது நானு. ஒரு சீக்குஞ் சேதாரமும் இல்லாத கோழியச் சீக்குன்னு சொன்னது நானு. ஊர அடைச்சு வெச்சது நானு. எல்லாம் எனக்குத்தான் மொதல்ல தோணுச்சு. தண்ணியும் அவளுக்கு, குழியும் அவளுக்கு, நாஞ் செஞ்ச தப்புமா அவளுக்கு?"

மனம் திருந்தி ஒப்புக்கொள்கிறவர்களை ஊர் பார்த்திருக்கிறது. பொறாமை தாங்காமல் ஒப்புக்கொள்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தது. நாச்சிமுத்து உதறிப் போடத் துண்டைத் தேடினார். அதற்குள் வசந்தாமணி பொன்னாடையை உருவி, படியிறங்கி வந்து, தெய்வாத்தாளின் தோளில் போட்டு, மேடையைப் பார்த்து, "ஏனுங் டாக்டரம்மா, எங்கக்காவுக்கும் ஒரு ஒத்திகை நடத்தியிருந்தீங்கன்னா இத்தன வேல வந்திருக்குமுங்களா?" என்றாள். முதலில் மும்தாஜ்தான் சிரித்தார். பிறகு மேலதிகாரிகள் சிரித்தார்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஊரும் சிரித்தது. சிரித்த வாயால் ஒருத்தியை ஒதுக்கி வைக்க முடியாது என்பதால் விஷயம் அத்தோடு போயிற்று.

மறுநாள் வசந்தாமணி காளிங்கனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலிக்கல்லைப் பிடுங்கினாள். கம்பியைத் தளர்த்தி, வளைத்து, குழிமேட்டின் நட்ட நடுவே கொண்டுபோய், பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று இழுத்துக் கட்டினாள். "கேட்டிருந்தீங்கன்னா அன்னிக்கே குடுத்திருப்பனுங்கக்கா" என்றாள். இப்படி ஒரு வார்த்தை வாழ்நாளில் ஒரு தடவை தன் வாயில் வந்திருக்கக் கூடாதா என்று தெய்வாத்தாள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததற்கும் காரணம் கேட்பவர் யாரும் இல்லை. தெய்வாத்தாளின் பாதி, பாலும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை, மண் தெரியாத அளவுக்கு முட்டையிட்டது. வசந்தாமணியின் பாதி கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் அடங்கி, அபூர்வமாக ஒன்று, பிறகு அதுவுமில்லை என்று ஓய்ந்தது. காளிங்கனின் வண்டி இப்போது பேர்த்துப் போட்ட கேட்டின் வழியாகத் தெய்வாத்தாள் வாசலில் முதலில் நின்றது. "உங்க கைராசியே ராசிங்க" என்றார். வெளியூர்க்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பிளந்தார்கள். ஆயுசு முழுக்கக் கேட்டது கிடைத்துவிட்டது. இனி எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும்தான் பாக்கி. தெய்வாத்தாள் அட்டைகளை வேண்டுமென்றே வேலியோரம் அடுக்கினாள், சத்தமாக எண்ணினாள், எண்ணும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். வசந்தாமணி கோழிக்குத் தண்ணீர் வைத்தாள், ஊதாத் தொட்டியில் காலை நனைத்தாள், எதையோ முனகிப் பாடிக்கொண்டு போனாள்.

"என்ன வசந்தா, உம்பக்கம் ஒண்ணையுங் காணம்?"

"ஆமாங்கக்கா, சலிச்சுப்போச்சாட்ட இருக்குது. உங்குளுதுல நல்லா வருதுங்களா?"

"வருது வருது, அள்ள முடியல."

"நல்லாருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, நல்லாருக்கட்டும் என்று நிஜமாகவே நினைத்த முகத்தோடு போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று தெய்வாத்தாள் வெயில் சாயும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் போகப் போக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு கசந்த நாக்கு இப்போது எதுவுமே தெரியாமல் மரத்துக் கிடந்தது. காலையில் எழுந்தால் என்ன செய்வதென்று விளங்கவில்லை. இத்தனை வருஷமாக அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பி, வாசல் கூட்ட வைத்து, தென்னைக்கு வெள்ளையடிக்க வைத்த நெருப்பு, ஊத ஊதப் பற்றாத ஈர விறகாகிவிட்டிருந்தது. "உனக்கென்னடி கொறச்சல்?" என்று சென்னியப்பன் கேட்டான். ஒரு குறையும் இல்லை, அதுதான் என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு காலையில், பால்காரரின் வண்டி தெருவைத் தாண்டிப் போன கையோடு, தெய்வாத்தாள் மடி நிறைய முட்டைகளைக் கட்டிக்கொண்டு குழிமேட்டுக்குப் போனாள். கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்து, அந்தப் பக்கத்துப் பாதியில் விரலால் மண்ணைக் கிளறி, ஒன்றொன்றாக, பாதி புதைந்தும் பாதி தெரிந்தும் இருக்கும்படி, தானாக முளைத்தது போலவே தோன்றும்படி வைத்தாள். தன் பக்கத்தை வழித்து எடுத்து அங்கே வைத்தாள். கம்பி முள் கிழித்து முழங்கையில் ரத்தம் கோடிட்டது. வைத்து முடித்து, மண் துடைத்து, பின்னால் நகர்ந்து, ஒன்றுமறியாதவள் போலத் தென்னைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

வசந்தாமணி படலைத் திறந்துகொண்டு வந்தாள். மண்ணைப் பார்த்தாள், "அட!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து, சேலை முனையை ஏந்திக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கப் பொறுக்க இருந்தது. தெய்வாத்தாளின் அடிவயிற்றில் பொறி ஒன்று விழுந்தது. அது பற்றி, ஏறி, நெஞ்சைத் தொட்டு, நாக்கில் வேப்பங்கொட்டையாகக் கசந்தபோது, அவளுக்கு உயிர் வந்தது. அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"என்னுங்க, இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்த! அவளுக்கு மட்டும் எப்படி வருது பாருங்க!"